என் கை பட்ட பீர்

சாமி,

நலமா என்று கேட்டுத் தொடங்க எனக்கு வாய் வரவில்லை. நீ நலமாக இருந்தால் அயோத்தியாப்பட்டணத்துக்குப் பக்கத்தில் ஒரு இரும்புக் கேட்டுக்குள் ஏன் உட்கார்ந்திருக்கிறாய், ஆட்டையாம்பட்டியில் மாவு வியாபாரத்தைப் போட்டுவிட்டு நான் ஏன் பேனாவைக் கடித்துக்கொண்டிருக்கிறேன்? உன்னை மறுவாழ்வு மையத்தில் விட்ட அன்று அங்கே இருக்கும் மேடம் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். முதல் மாதம் போன் கிடையாது, கடிதம் எழுதலாம். ஆனால் மகனைக் குறை சொல்லி எழுதக்கூடாது, நீங்கள் என்ன செய்தீர்களோ அதை மட்டும் எழுதுங்கள் என்றார். அதோடு, வருகிற கடிதங்களை வாரத்தில் ஒரு நாள் எல்லோரையும் வட்டமாக உட்காரவைத்துச் சத்தமாகப் படிப்பார்களாம். "எல்லாரும்னா எத்தன பேருங்க?" என்று கேட்டேன். முப்பது நாற்பது பேர் இருப்பார்கள் என்றார். எனக்குப் பகீரென்றது. பிறகு, படித்தால் படிக்கட்டும் போ என்று தோன்றிவிட்டது. இனிமேல் மானத்தைக் கட்டிவைத்து என்ன செய்யப்போகிறேன்? கேட்டுக்கொண்டிருக்கிற மற்ற பிள்ளைகளுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன். உங்கள் அம்மாக்களும் இப்படி ஏதாவது செய்திருப்பார்கள். சொல்ல வாய் வராமல் இருப்பார்கள்.

உனக்கு இது மூன்றாவது முறை. முதல் முறை உன்னை விட்டுவிட்டு வரும்போது பஸ்ஸில் உட்கார்ந்து மாரியம்மனுக்கு வேண்டிக்கொண்டேன். இரண்டாவது முறை மொட்டை போடுகிறேன் என்றேன், போட்டேன், முடி வளர்வதற்குள் நீ மறுபடி குடித்துவிட்டு வந்து நின்றாய். இந்த முறை எந்தச் சாமியிடமும் ஒன்றும் கேட்கவில்லை. ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு டாக்டர் சொன்னதை நீயும் கேட்டாய், நானும் கேட்டேன். ஈரல் இனிமேல் பழையபடி ஆகாது, இருக்கிறதைக் காப்பாற்றலாம், அதுவும் இன்றைக்கே நிறுத்தினால் என்றார். அதனால் நீ திருந்தி வருவாய் என்ற நம்பிக்கையில் நான் இதை எழுதுகிறேன் என்று நினைத்துவிடாதே. உன்னிடம் சொல்லாமல் நான் வைத்திருக்கிற பொய் ஒன்று இருக்கிறது. நம் இரண்டு பேரில் யாராவது ஒருத்தர் போவதற்குள் அதைச் சொல்லிவிட வேண்டும். அதற்காக எழுதுகிறேன்.

என் கையைப் பற்றி உனக்குத் தெரியும், அங்கே இருக்கிறவர்களுக்குத் தெரியாது. இருபத்தைந்து வருஷமாக இட்லி மாவு ஆட்டி விற்கிறேன். தெருவில் முக்கால்வாசிப் பேர் கை முறுக்கு சுற்றுகிறார்கள், நான் ஒருத்தி மாவு ஆட்டுகிறேன். ஆட்டி எடுத்த மாவில் உப்பைப் போட்டு, முழங்கை வரைக்கும் கையை விட்டு, ஒரே பக்கமாகச் சுற்றிச் சுற்றிக் கலக்கி வைப்பேன். மார்கழிக் குளிரில் ஊரே மாவு பொங்கவில்லை என்று புலம்பும்போதும் என் மாவு மூடியைத் தள்ளிக்கொண்டு வரும். "உங்க கைராசிங்க்கா" என்று வாங்க வருகிற பெண்கள் சொல்வார்கள். இல்லை என்று வாயால் சொல்வேன், உள்ளுக்குள் ஆமாம் என்பேன். உன் அப்பா போனபோது உனக்குப் பதினாறு வயது. அவர் வெற்றிலைகூடப் போட்டதில்லை, ஆகவே குடியை அவர் தலையில் கட்டவும் வழியில்லை. அவருக்குப் பிறகு இந்தக் கையை நம்பித்தான் நாம் சாப்பிட்டோம். அதில் எனக்குக் கொஞ்சம் திமிர் ஏறிவிட்டது என்பது உண்மை.

நீ ரிக் வண்டியில் தண்ணீருக்குப் போர் போடப் போனாய். ஆந்திரா, ஒடிசா என்று மூன்று மாதம் நான்கு மாதம் போய்விட்டு வருவாய். புழுதியிலும் சத்தத்திலும் நாளெல்லாம் நின்றால் உடம்பு வலிக்கும், குடிக்காமல் தூக்கம் வராது என்று சொன்னாய், நானும் சரி என்று விட்டேன். குறை சொல்லக்கூடாது என்றார்கள், இது குறை இல்லை, நான் சரி என்று விட்டதைத்தான் சொல்கிறேன். கல்யாணம் ஆனால் சரியாகிவிடும் என்று சரண்யாவைக் கட்டிவைத்தேன். அந்தப் பெண்ணிடம் நீ குடிப்பாய் என்று சொல்லவில்லை. யாழினி பிறந்தாள், நீ வேலைக்குப் போவதும் நின்றுபோயிற்று. யாழினிக்கு மூன்று வயது ஆகியிருந்த தை மாதக் கடைசியில் ஒரு நாள் நீ மாவு டிரம்மை எட்டி உதைத்து அது அவள் காலில் விழுந்தது. அன்றைக்கே சரண்யா குழந்தையைத் தூக்கிக்கொண்டு புதுச்சத்திரத்தில் இருக்கும் அவள் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். பெரியவர்கள் நாலு பேர் உட்கார்ந்து பேசினார்கள். அவள் ஒரே வார்த்தைதான் சொன்னாள். "ஆறு மாசம் அவரு கடைப் பக்கம் போகாம இருக்கட்டுமுங்க. இருந்தா நானே வாரேன்." நீ தலையை ஆட்டினாய். நான் பக்கத்தில் நின்று சத்தியம் செய்தேன், அதைக் கவனி.

வீட்டுக்கு வந்து நான்கு நாள் நீ சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாய். கை நடுங்கிற்று, வேர்த்து ஊற்றிற்று. அப்போதே டாக்டரிடம் கூட்டிப்போயிருக்க வேண்டும். ஊர் என்ன சொல்லும் என்று ரசம் வைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். பத்து நாள் கழித்துத் தெளிந்து எழுந்து உட்கார்ந்து, ரொம்ப நாளைக்குப் பிறகு என் முகத்தைப் பார்த்துச் சிரித்தாய். பெங்களூரில் ஒரு பீர் ஓட்டலுக்குப் போர் போடப் போன கதையைச் சொன்னாய். அங்கே பெரிய பெரிய எவர்சில்வர் அண்டாவில் அவர்களே பீர் காய்ச்சுவதைப் பார்த்தாயாம். "ஒண்ணுமே இல்லம்மா. நீ கம்பு மொளகட்டுவயே, அதே மாதிரி மொளகட்டுன பார்லி. அத வெந்நீர்ல ஊறப்போட்டு, காய்ச்சி, ஈஸ்ட் போட்டு வெக்கறது. நீ மாவு புளிக்க வெக்கறதில்லயா, அதுதான் இது" என்றாய். நான் என்னடா இது கருமம் என்றேன். நீ சொன்னாய், "சரண்யா என்ன சொன்னா? கடைக்குப் போகக்கூடாதுன்னா. இது ஊடும்மா. நானே காய்ச்சி, ஒரு மாசம் காத்திருந்து, ஒரு டம்ளர் குடிக்கப்போறேன். காத்திருக்கறதுதான் மருந்து." அதைச் சொல்லும்போது உன் கண் பளபளவென்று இருந்தது. அது பித்தலாட்டம் என்று எனக்குத் தெரியாதா? தெரியும். வீட்டில் காய்ச்சுவது போலீஸ் கேஸ் என்றும் தெரியும். ஆனால் நீ வீட்டில் இருப்பாய். என் கண் முன்னால் இருப்பாய். நான் ஊற்றுகிற அளவைக் குடிப்பாய். அது போதும் என்று மனசு சமாதானம் சொல்லிக்கொண்டது. சரி சாமி என்று சொல்லிவிட்டேன்.

இருபது லிட்டர் வெள்ளைக் கேன், மூடியில் சொருகும் வளைந்த குழாய், வெப்பம் பார்க்கும் கம்பி, முளைகட்டி வறுத்த பார்லி ஒரு மூட்டை எல்லாம் கூரியரில் வந்து இறங்கின. ஒரு பொட்டலத்தில் பச்சையாக, நாமக்கல் பக்கம் கோழிக்குப் போடுவார்களே அந்தத் தீவனக் குச்சி மாதிரி ஒன்று இருந்தது. பீருக்குக் கசப்பும் வாசமும் அதுதான் தரும் என்றாய். ஒன்றை வாயில் போட்டுப் பார்த்துவிட்டு நாள் முழுக்கத் துப்பிக்கொண்டிருந்தேன், நீ விழுந்து விழுந்து சிரித்தாய். காய்ச்சிய அன்று எத்தனை கெடுபிடி! உன் அப்பாவின் பழைய வேட்டியைத் துவைத்துப் பை தைக்கச் சொன்னாய். அதில் பார்லியைக் கட்டி அண்டா வெந்நீரில் இறக்கி, சூடு ஏறவும் கூடாது, இறங்கவும் கூடாது என்று ஒரு மணி நேரம் அடுப்பின் முன்னால் குந்தியிருந்தாய். பையைப் பிழியவேண்டாம், தானாக வடியட்டும் என்றாய். வடிந்த தண்ணீர் வெல்லப் பாகு போல இனித்தது. அதைக் கொதிக்கவிட்டு அந்தப் பச்சைக் குச்சிகளை மூன்று தடவையாகப் போட்டாய். தெருவெல்லாம் வாசம். பக்கத்து வீட்டு முறுக்குக்காரி எட்டிப் பார்த்து, "ஏனுங்க்கா, என்ன காய்ச்சறீங்க, இப்பிடி மணக்குது?" என்றாள். "சத்துமாவுக்குப் பார்லி வறுத்தேன் கண்ணு, அடி புடிச்சிருச்சு" என்று வாய் கூசாமல் சொன்னேன். அதற்குப் பிறகு அவள் ஒரு வாரம் எனக்கும் சத்துமாவு வேணுமுங்க்கா என்று நச்சரித்தது தனிக் கதை.

அடுப்பிலிருந்து இறக்கியதும் நீ எனக்கு ஒரு பாடமே நடத்தினாய். இனிமேல் இதில் எதுவும் படக்கூடாது, கரண்டி, துணி, கை, எதுவும். படுவதாக இருந்தால் மருந்துத் தண்ணீரில் முக்கிவிட்டுத்தான் படவேண்டும். கண்ணுக்குத் தெரியாத பூச்சி ஒன்று போனாலும் மொத்தமும் புளித்துப்போகும் என்றாய். "என்ற கைய விடவா உன்ற மருந்துத் தண்ணி சுத்தம்?" என்று கேட்டேன். "உன்ற கையத்தான்மா மொதல்ல கட்டிப்போடணும்" என்றாய். அண்டாவைத் தொட்டித் தண்ணீரில் வைத்து, ஐஸ் கட்டி போட்டு ஆறவைத்து, கேனில் ஊற்றி, ஈஸ்ட் பொட்டலத்தைக் கத்தரித்து மேலே தூவினாய். கலக்கவில்லை. தூவிவிட்டு மூடியை ஒப்புக்கு வைத்துவிட்டு, வேர்வை நசநசக்கிறது, குளித்துவிட்டு வந்து இறுக்கி மூடுகிறேன் என்று போனாய். நான் அந்தக் கேனைப் பார்த்துக்கொண்டே நின்றேன். தூவினது தூவினபடி மேலே மிதக்கிறது, இது எப்படிச் சாமி உள்ளே போகும், கலக்காமல் வைத்தால் எந்த மாவாவது புளிக்குமா என்று மனசு கேட்கவில்லை. நீ எங்கேயோ போனில் பார்த்துக் கற்றுக்கொண்டவன். நான் இருபத்தைந்து வருஷமாகப் புளிக்கவைக்கிறவள். கையைக் கழுவினேன். மூடியைத் தூக்கினேன். முழங்கை வரைக்கும் விட்டு, மாவு கலக்குகிற மாதிரி ஒரே பக்கமாகச் சுற்றினேன். என் பிள்ளை வீட்டிலேயே இருக்கட்டும், என் பிள்ளை வீட்டிலேயே இருக்கட்டும் என்று சொல்லிக்கொண்டே கலக்கினேன். நீ தலை துவட்டிக்கொண்டு வருவதற்குள் மூடிவைத்துவிட்டு உளுந்து புடைத்துக்கொண்டிருந்தேன்.

அதற்கப்புறம் வந்த ஒரு மாதத்தை நான் மறக்கவே மாட்டேன். மறுநாள் காலையில் அந்த வளைந்த குழாயில் இருந்த தண்ணீர் குபுக் குபுக் என்று கொப்புளம் விட்டது. "அம்மா, உசுரு வந்திருச்சும்மா!" என்று கத்தினாய். மாசி வெயில் கொளுத்தத் தொடங்கியிருந்தது. கேனுக்கு ஈரச் சாக்கு சுற்றி, நம் வீட்டில் இருந்த ஒரே டேபிள் பேனை அதற்கு வைத்தாய். நமக்கு வேர்த்து வடிந்தது, பீர் சொகுசாகக் காற்று வாங்கிற்று. நான் மாவு அள்ளிக் கொடுப்பேன், நீ கேன் முன்னால் உட்கார்ந்து ஒரு நிமிஷத்துக்கு எத்தனை கொப்புளம் என்று எண்ணி நோட்டில் எழுதுவாய். சின்ன வயதில் நீ பேசியதைவிட அந்த மாதம் என்னிடம் அதிகம் பேசினாய். பாறையில் துளை இறங்கும்போது சத்தம் மாறுவதை வைத்துத் தண்ணீர் வரப்போவதைக் கண்டுபிடிப்பதைப் பற்றிச் சொன்னாய். ஒடிசாவில் நூற்றுக்கணக்கான அடி போட்டும் வெறும் புகையாக வந்தபோது அந்த ஊர்ப் பெண்கள் குடத்தைத் தூக்கிக்கொண்டு திரும்பிப் போனதைச் சொன்னாய். சாயங்காலம் சரண்யா போன் செய்வாள். "கடைக்குப் போனாருங்களா அத்தே?" "இல்ல கண்ணு, கேட்டத் தாண்டல." அது பொய்யும் இல்லை, உண்மையும் இல்லை.

ஒரு மாதம் கழித்துப் பங்குனியில் பாட்டில் திறந்தாய். எவர்சில்வர் டம்ளரில் எனக்கும் ஒரு மடக்கு ஊற்றி வைத்தாய், நான் தொடமாட்டேன் என்று தெரிந்தும். நீ வாயில் வைத்தாய். உன் முகம் அப்படியே நின்றுபோயிற்று. இன்னொரு பாட்டில் திறந்தாய், இன்னொன்று திறந்தாய். "எல்லாமே புளிச்சிருச்சும்மா. காடி மாதிரி இருக்குது." பிறகு என்னைப் பார்த்து, கோபம் இல்லாமல்தான், கேட்டாய். "நீ ஏதாச்சும் தொட்டயாம்மா?" நான் உடனே எரிந்து விழுந்தேன். "நான் எதுக்குடா அதத் தொடறேன்? வேற வேலையில்லயா எனக்கு?" நீ தலையை ஆட்டிக்கொண்டாய். "வெயிலுதான். சேலத்து வெயிலு கெடுத்திருச்சு" என்று நீயே சொல்லிக்கொண்டாய். அத்தனை பாட்டிலையும் சாக்கடையில் கவிழ்த்தாய், கழுவி வெயிலில் காயவைத்தாய், சட்டை மாற்றிக்கொண்டாய், செருப்பைப் போட்டாய். எங்கே போகிறாய் என்று நான் கேட்கவில்லை. அன்று சரண்யா போன் செய்தபோதும் கேட்டைத் தாண்டவில்லை என்றுதான் சொன்னேன். இந்தத் தடவை அது முழுப் பொய்.

என் கைதான் கெடுத்தது, நான் கையை விடாமல் இருந்திருந்தால் அன்றைக்கு நீ வீட்டிலேயே இருந்திருப்பாய் என்று ரொம்ப நாள் நினைத்து அழுதிருக்கிறேன். இப்போது அப்படிக்கூட அழ முடியவில்லை. ஏனென்றால் இரண்டாவது தடவை நான் கிட்டேயே போகவில்லை. அண்டாவைத் தொடவில்லை, மூடியைத் தொடவில்லை. ஐஸ் கட்டி வாங்கிவந்து தொட்டியில் போட்டதோடு சரி. வைகாசியில் அது அருமையாக வந்தது. நுரை நின்றது, நிறம் தேன் மாதிரி இருந்தது. நீ ஒரு மடக்கு குடித்துவிட்டு, சின்னப் பையனாக ஓட்டப் பந்தயத்தில் ஜெயித்து வந்தபோது நின்ற மாதிரி என் முன்னால் நின்றாய். ஒரு நாளைக்கு ஒரு டம்ளர் என்பது கணக்கு. இரண்டு நாளில் அத்தனையும் காலி. மூன்றாம் நாள் காலையில் செருப்பைப் போட்டாய். கெட்டுப்போனபோதும் போனாய், நன்றாக வந்தபோதும் போனாய். என் கைதான் காரணம் என்று இருந்திருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும் சாமி. கையைக் கட்டிப்போட்டு உன்னைக் காப்பாற்றியிருப்பேனே.

மூன்றாவது தடவைக்கு உனக்குப் பொறுமை இல்லை. கை நடுங்க ஆரம்பித்திருந்தது. புளித்து அடங்குவதற்கு முன்பே, ஐந்தாம் நாளே பாட்டிலில் ஊற்றி, சீக்கிரம் பொங்கட்டும் என்று சர்க்கரையையும் அள்ளிப் போட்டு அடைத்துவிட்டாய். அடைக்கும்போது மூடி அழுத்தும் கருவியை நான்தான் பிடித்துக்கொண்டேன், உன் கையில் பலம் இல்லை. மாவு ஆட்டும் அறையில் உளுந்து மூட்டைக்குப் பின்னால் அடுக்கிவைத்தோம். ஆடிப் பதினெட்டுக்குச் சரண்யா சொல்லாமல் கொள்ளாமல் வந்து நின்றாள். யாழினிக்குப் புதுப் பாவாடை. ஆறு மாதம் முடிய இன்னும் பத்துப் பன்னிரண்டு நாள்தான் இருந்தது. "நல்ல நாளும் அதுவுமா வந்துட்டு, அப்பிடியே துணிமணி எடுத்துட்டு வரட்டுங்களான்னு கேட்டுட்டுப் போலாம்னு வந்தேனுங்கத்தே" என்றாள். நீ குளித்துக்கொண்டிருந்தாய். யாழினி மாவு அறையில் உளுந்தை அள்ளி அள்ளி விளையாடிக்கொண்டிருந்தாள். "இந்தா தங்கம், முறுக்குத் தாரேன் வா" என்று கூப்பிட்டேன். அவள் நிலைப்படியைத் தாண்டி இந்தப் பக்கம் வந்தாள், அந்தப் பக்கம் பாட்டில் வெடித்தது. ஒன்று, இரண்டு, மூன்று. ஊறவைத்த அரிசியெல்லாம் கண்ணாடி. பாவாடை ஓரத்தில் ஒரு சில்லு குத்திக்கொண்டு நின்றது. குழந்தைக்கு ஒன்றும் ஆகவில்லை. இன்றைக்கும் அந்த முறுக்கு என் கண்ணிலேயே நிற்கிறது.

சரண்யா உள்ளே போய்ப் பார்த்தாள். வாசமே போதும், அவள் ஒன்றும் கேட்கவேண்டியதில்லை. வெளியே வந்து என்னைத்தான் கேட்டாள். "ஏனுங்கத்தே, இது உங்களுக்குத் தெரியுமுங்களா?" சாமி, நான் தைத்த வேட்டிப் பை கொடியில் காய்ந்துகொண்டிருந்தது. மூடி அழுத்திய தழும்பு என் உள்ளங்கையில் சிவந்திருந்தது. நான் சொன்னேன், "எனக்கென்ன கண்ணு தெரியும்? நான் மாவு ஆட்டறதும் உண்டு, என்ற வேலையும் உண்டு." நீ ஈரத் தலையோடு வாசலில் வந்து நின்றாய். நான் சொன்னதைக் கேட்டாய். என்னை ஒரு பார்வை பார்த்தாய். பிறகு அவளிடம் சொன்னாய். "அம்மாவுக்குத் தெரியாது சரண்யா. நான்தான் ஒளிச்சு வெச்சிருந்தேன்." அவள் என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். "உங்களையுமா ஏமாத்திட்டாருங்கத்தே" என்று அழுதாள். நான் அவள் முதுகைத் தடவிக்கொடுத்தேன். என் ஜென்மத்தில் நான் செய்த அசிங்கம் இதுதான்.

அதற்குப் பிறகு சரண்யா உன்னோடு பேசுவதில்லை என்று ஆனது. பாவம் அத்தை என்று எனக்கு மட்டும் ஒரு தயவு வைத்தாள். மாதத்தில் முதல் ஞாயிறு யாழினியைக் கூட்டிக்கொண்டு வருவாள், ஆனால் அந்த நேரம் அவர் வீட்டில் இருக்கக்கூடாது என்றாள். நான் அதற்கும் சரி என்றேன். இரண்டு வருஷமாக ஒவ்வொரு முதல் ஞாயிறும் காலை எட்டு மணிக்கு நீ சட்டையைப் போட்டுக்கொண்டு, "போய்ட்டு வாரேன்" என்று கிளம்புவாய். பஸ் ஸ்டாண்டில் நிற்பாய். அங்கிருந்து எங்கே போவாய் என்று எல்லோருக்கும் தெரியும். என் பேத்தி என் மடியில் உட்கார்ந்து இட்லி தின்பதற்காக என் மகனை நான் கடைக்கு அனுப்பிவைத்தேன். ஒருநாளாவது, அம்மாவும் கூடத்தான் காய்ச்சினாள் என்று நீ சொல்லியிருக்கலாம். போதையில்கூட உன் வாயிலிருந்து அது வரவில்லை.

போன புதன்கிழமை ராசிபுரம் போய்ப் பஸ் மாறிப் புதுச்சத்திரம் போனேன். சரண்யா தையல் மிஷினில் உட்கார்ந்திருந்தாள். வேட்டிப் பையிலிருந்து மூடி அழுத்தினது வரைக்கும், தினமும் போனில் சொன்ன பொய் வரைக்கும் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் மிஷினை நிறுத்தவில்லை, ஆனால் துணியை நகர்த்தவும் இல்லை, ஊசி ஒரே இடத்தில் குத்திக்கொண்டிருந்தது. கடைசியில் ஒன்றே ஒன்று கேட்டாள். "அவரு ஒருக்கா கூட உங்களக் காட்டிக் குடுக்கலீங்களா?" இல்லை கண்ணு என்றேன். மிஷினை நிறுத்திவிட்டு, "ஞாயித்துக்கெழம இனி நாங்க வரலீங்க" என்றாள். தண்ணீர் கொடுத்தாள், குடித்துவிட்டு வந்தேன். உன்னைப் பற்றி அவள் வேறொன்றும் சொல்லவில்லை, சொன்னதாக எழுதி உன்னை ஏய்க்கவும் எனக்கு இஷ்டமில்லை.

பெற்றவர்கள் கடிதம் என்றால் புத்தி சொல்ல வேண்டும். எனக்கு அந்த யோக்கியதை இல்லை, ஆனாலும் ஒன்று சொல்கிறேன். உன் மேல் உயிராக இருக்கிறவர்கள் உனக்கு வசதியாக ஏதாவது செய்து கொடுத்தால் வாங்கிக்கொள்ளாதே. நான் அப்படிப்பட்டவள். நாளைக்கே நீ வந்து கை நடுங்குகிறது அம்மா என்று நின்றால் அண்டாவைத் தூக்கி அடுப்பில் வைத்தாலும் வைப்பேன், என்னை என்னாலேயே நம்பமுடியவில்லை. அதனால் கேனையும் குழாயையும் காயலான் கடைக்குப் போட்டுவிட்டேன். அண்டாவை மட்டும் வைத்திருக்கிறேன், அது என் அம்மா கொடுத்தது. உன் நோட்டை எடுத்துப் பார்த்தேன். ஒரு நிமிஷத்துக்கு முப்பத்தெட்டு, முப்பத்தொன்பது என்று பக்கம் பக்கமாகக் கொப்புளக் கணக்கு. அதை எறிய மனசு வரவில்லை.

புதன்கிழமை சரண்யா வீட்டிலிருந்து திரும்பி வந்ததும் வழக்கம்போல மாவு ஆட்டினேன். கையை விடப் பிடிக்கவில்லை. நீளக் கரண்டியை எடுத்து, ஏனோதானோவென்று நாலு சுற்றுச் சுற்றி மூடிவிட்டுப் படுத்துவிட்டேன். பொங்காவிட்டால் போகட்டும் என்று இருந்தது. காலையில் பார்த்தால் மூடியைத் தள்ளிக்கொண்டு நிற்கிறது. "இன்னைக்கு மாவு பஞ்சாட்டம் இருக்குதுங்க்கா, உங்க கைராசி" என்று முறுக்குக்காரி வாங்கிக்கொண்டு போனாள். நான் அந்த டப்பாக்களுக்கு நடுவில் உட்கார்ந்து அழுதேன். இந்தக் கையில் ஒன்றுமே இருந்ததில்லை சாமி. நன்றாக வருவதற்கும் இல்லை, கெட்டுப்போவதற்கும் இல்லை. வீணாக இத்தனை வருஷம் தூக்கிவைத்துக்கொண்டு திரிந்தேன்.

அங்கே பார்க்க விடுகிற நாள் எது என்று மேடத்துக்குப் போன் போட்டுக் கேட்டேன். மாதத்தின் முதல் ஞாயிறு என்றார். சாப்பாடு எதுவும் கொண்டுவரக்கூடாதாம், வெறும் கையோடுதான் வரவேண்டுமாம். இனி அந்த ஞாயிறு நம் வீட்டுக்கு யாரும் வரப்போவதில்லை. ஆகவே நீ காலையில் எட்டு மணிக்குச் சட்டை போட்டுக்கொண்டு எங்கேயும் போய் நிற்க வேண்டாம். உள்ளேயே இரு. நான் வாரேன்.

அம்மா